கூட்டுப் பட்டா

கரட்டுப்பட்டி,
3.3.2008

அன்புள்ள தம்பி வீரபாண்டிக்கு,

அக்கா ராக்கம்மா எழுதுவது. நானும் மகள் சீதாலட்சுமியும் இருக்கிறோம். அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. அப்பாவுக்கு நாற்பதாம் நாள் கும்பிட்டு முடித்தோம். லீவு கொடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் உன்னை யாரும் குறையாகப் பேசவில்லை.

நீ போனில் சொன்னபடி வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அப்பாவின் இரண்டு ஏக்கரையும் நம் இருவர் பேருக்கும் கூட்டுப் பட்டாவாக மாற்றியாயிற்று. சித்தப்பா மகன் வாசுதான் அலைந்தான். ஆனால் அதோடு என் விதவைப் பணம் நின்றுவிட்டது. தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போனார். கூப்பிட்டுக் கேட்டால், "ஒனக்கு வரலத்தா" என்றார். தாலுகா ஆபீசுக்குப் போய்க் கிளார்க்கிடம் கேட்டேன்.

"பேரு நீக்கியாச்சும்மா. ஒன் பேர்ல நெலம் இருக்கு."

"அது கருவேலங்காடு சார். பாகம்கூடப் பிரிக்கல."

"பக்கத்துக் காடு ஏக்கர் ரெண்டு லட்சத்துக்குப் பதிவாகியிருக்கு. லட்சாதிபதிக்கு எதுக்கும்மா ஆதரவற்ற விதவைப் பணம்?"

"அப்ப அந்தப் பட்டாவக் கடையில நீட்டுனா அரிசி போடுவானா சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நானூறு ரூபாய் பெரிய பணம் இல்லைதான். ஆனால் என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுப் போன நாளிலிருந்து, யார் முகத்தையும் பார்க்காமல் எனக்கு வருகிற காசு அது ஒன்றுதான். உன்னிடம் கேட்கவில்லை. நீ அனுப்புவது ஏஜெண்ட் கடனுக்கே போகிறது என்று தெரியும். என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது. இருமல் எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
ராக்கம்மா


ராஸ் அல் கைமா,
21.3.2008

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனேன்.

இங்கே நாங்கள் மலையை உடைக்கிறோம். அந்தக் கல்லைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டித் தீவு செய்கிறார்கள். அதில் வீடு வாங்குகிறவனிடம் எவனாவது வருமானச் சான்றிதழ் கேட்கிறானா? நானூறு ரூபாய் வாங்குகிற பொம்பளையிடம்தான் அரசாங்கம் சொத்துக் கணக்குக் கேட்கும். இங்கேயும் அப்படித்தான். இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. கேட்டால் ஃபோர்மேன், "மாஃபி, யல்லா, காம் கரோ" என்கிறான். பணம் இல்லை, போய் வேலையைப் பார் என்று அர்த்தம். பன்னிரண்டு பேர் ஒரு ரூமில் கிடக்கிறோம்.

சரி, உன் விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. விடுதலைப் பத்திரம். உன் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிப் பதிவு செய்துவிடு. பட்டாவில் உன் பேர் போய்விடும். பேரில் நிலம் இல்லையென்றால் பணத்தை எப்படி நிறுத்துவார்கள்? கலாஸ், விஷயம் முடிந்தது. பத்திரச் செலவை வாசு பார்த்துக்கொள்வான்.

இது ஒன்றும் புதிது இல்லை. நம் பக்கம் எந்த அக்கா தங்கச்சி பங்கு வாங்கியிருக்கிறாள்? அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், கூடப் பிறந்தவன் ஆயுசு முழுக்கச் சீர் செய்வான். சீதாவுக்குத் தாய்மாமன் நான் இருக்கிறேன். அவள் கல்யாணத்துக்கு நான் வைக்கிற சீரை ஊரே பார்க்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். தள்ளிப்போடாதே.

உன் தம்பி,
வீரபாண்டி


கரட்டுப்பட்டி,
12.4.2008

அன்புள்ள தம்பிக்கு,

சீதா பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கணக்கு மட்டும் கஷ்டம் என்கிறாள்.

நீ எழுதியபடி நேற்று வாசுவோடு பத்திர ஆபீசுக்குப் போனேன். கையெழுத்துப் போடத்தான் போனேன், தம்பி. பத்திரம் எழுதுகிறவர் தாள்களை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். வாசு டீ வாங்கப் போனான். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மேலே இருந்த தாளைப் படித்தேன். வாசுவுக்கு நீ கொடுத்த பவர் பத்திரம் அது. துபாய் தூதரக முத்திரை இருந்தது.

'என் சகோதரி தன் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டபடியால் இரண்டு ஏக்கரும் எனக்கே பாத்தியம். அதை விற்க அதிகாரம் தருகிறேன்.' கீழே உன் கையெழுத்து. தேதி மார்ச் 6.

நான் உனக்குக் கடிதம் எழுதியதே மார்ச் 3. அது உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். என் பணம் நின்றது உனக்குத் தெரியாத நாளில், நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத நாளில், நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.

வாசு டீயோடு வந்தான். "என்னக்கா, படிக்கவெல்லாம் செய்றீக?"

"எட்டாப்புப் படிச்சது இதுக்காச்சும் ஆகட்டும்டா" என்றேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேரே தாலுகா ஆபீசுக்குப் போய், விடுதலை எழுதினால் பணம் திரும்ப வருமா என்று கேட்டேன். "நல்லா இருக்கும்மா. இருந்தத தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டு வந்து ஒண்ணுமில்லன்னா, நாங்க குடுக்கணுமா? அப்புறம் ஊரே எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கும்" என்றார்.

ஆக, நிலமும் போயிருக்கும், பணமும் வந்திருக்காது. தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? ஒரு வரி போதும்.

ராக்கம்மா


ராஸ் அல் கைமா,
9.5.2008

அன்புள்ள அக்காவுக்கு,

பணம் திரும்ப வராது என்பது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வரும் என்றுதான் நினைத்தேன். மற்றது எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

நம் காட்டை மனை போடுகிறவர்கள் கேட்கிறார்கள் என்று பிப்ரவரியிலேயே வாசு போனில் சொன்னான். எனக்கு இங்கிருந்து போனால் போதும். காலையில் துப்பினால் சிமெண்ட் நிறத்தில் வருகிறது. கம்பெனி டாக்டர் மாத்திரை கொடுத்து டியூட்டிக்கு அனுப்புகிறான். ஒப்பந்தம் முடியாமல் போவதென்றால் விசா செலவைக் கட்டு என்கிறான் மேனேஜர். பாஸ்போர்ட் அவன் பெட்டியில். ஏஜெண்ட் கடன் இன்னும் ஒன்றரை லட்சம் நிற்கிறது. பாதி நிலத்தின் காசு இந்த இரண்டுக்குமே சரியாகப் போய்விடும். வெறுங்கையோடு வந்து ஊரில் என்ன செய்வேன்? முழுதும் வேண்டியிருந்தது.

தூதரகத்துக்கு என்னை வேனில் கூட்டிப்போனவர், கேம்ப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகம்மது பாய். "அக்காட்ட கேட்டுட்டீங்களா தம்பி?" என்றார். "அக்கா வேற நான் வேறயா பாய்?" என்றேன். அதற்குப் பிறகு துபாய் வரும்வரை அவர் பேசவில்லை.

கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய். அது எனக்குத் தெரியும். கையில் ஒன்றுமில்லாதவளிடம் எப்படிக் கேட்பது என்றுதான் கேட்காமலே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். உன் பணம் நின்ற செய்தி வந்தபோது, நல்ல சாக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போதும் கேட்கிறேன். கையெழுத்துப் போடு. ஊர் வந்ததும் உன் பாதியை எப்படியாவது தருகிறேன்.

உன் தம்பி,
வீரபாண்டி


கரட்டுப்பட்டி,
2.6.2008

வீரபாண்டிக்கு,

சீதா பாஸ் செய்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு மார்க்.

விடுதலைப் பத்திரம் எழுத மாட்டேன். நிலத்தை விற்கச் சம்மதம். மனை போடுகிறவரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். இருவரும் சேர்ந்து விற்கிறோம். உன் பாதி உன் கணக்குக்கு, என் பாதி என் கணக்குக்கு. பழைய பவரை ரத்து செய்துவிட்டு, உன் பாகத்துக்கு மட்டும் புதிதாக எழுதி அனுப்பு. கௌஸ் பாயையே கூட்டிப்போகச் சொல். இந்த முறை அவர் பேசுவார்.

பதிவு முடிந்து காசு கைக்கு வர நாலைந்து மாதம் ஆகும் என்கிறார்கள். விதவைப் பணத்துக்கு என் பேரை ஒரே நாளில் நீக்கினார்கள். இந்த நடுவில் எதைத் தின்பது என்று கேட்க எந்த ஆபீசிலும் ஜன்னல் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறேன். கண்மாயில் மண் வெட்டுகிறோம்.

நீ இருமுவது எனக்குத் தூக்கத்திலும் கேட்கிறது. அதனால்தான் விற்கச் சம்மதித்தேன். கேட்டிருந்தால் முழுதும் கொடுத்திருப்பேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். உண்மைதான். இனிமேல் அது உண்மை இல்லை.

பங்கு வாங்கிய பொம்பளைக்குப் பிறந்த வீட்டுச் சீர் கிடையாது என்று வாசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். சரியாகத்தான் சொல்கிறான். சீதாவுக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம். அவளை என் பாதியில் படிக்கவைப்பேன். உனக்கும் எனக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது.

டிக்கெட் போட்டால் தேதியை எழுது. திருச்சியில் இறங்கி மதுரை பஸ் பிடி. கூப்பிட யாரும் வர மாட்டோம். சோறு இருக்கும்.

க. ராக்கம்மா