சிஸ்டரிடம் சொல்லாத சேதி

மகளின் கேன்வாஸ் ஷூவுக்கு இன்று காலை வெள்ளை பூசினேன். இங்கே திருப்பதியில் அவளைப் புதுப் பள்ளியில் சேர்த்து ஒரு வாரம்தான் ஆகிறது. அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஷூ வெளுக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ.

நகரியில் தறி நெய்துகொண்டிருந்த என் அப்பா, நைனா, ஒன்பதாம் வகுப்புக்கு என்னைச் சித்தூர் கொண்டுவந்து அந்தப் பெரிய கத்தோலிக்கப் பள்ளியின் ஹாஸ்டலில் விட்டுப் போனார். எந்தப் படிக்கட்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. மணி அடித்தால் எல்லோரும் ஓடுவார்கள். நான் வேறு யாருடைய வகுப்பிலோ போய் உட்காருவேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டேன் என்பதற்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் "நான் துன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பெஞ்சே சிரித்தது. மறுநாளிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட்டேன்.

என் வகுப்பிலேயே படித்த நீ அங்கே தேடி வந்தாய்.

"இங்க ஏன் ஒளிஞ்சிகினு கீற?"

நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் டிபன் பாக்ஸைத் திறந்தாய். "எங்க வீட்லயும் துன்னுன்னுதான் சொல்வோம். இவங்க முன்னாடி சொல்லமாட்டேன், அவ்ளோதான்."

நீங்கள் கத்தோலிக்கர் இல்லை, சித்தூரின் பழைய புராட்டஸ்டண்ட் மிஷன் சபைக் குடும்பம். பள்ளிக் கோயிலில் மற்றவர்கள் நெற்றியில் சிலுவை போடும்போது நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். அந்த இடத்தில் எப்படி நிற்பது என்று நீயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். அதனால்தான் எனக்குச் சொல்லித்தர முடிந்ததோ என்னவோ. எந்த சிஸ்டரிடம் தெலுங்கில் பேசலாம், யாரிடம் இங்கிலீஷ் மட்டும்தான், லைப்ரரியில் எந்த மூலையில் காற்று வரும், எல்லாம் உன்னிடமிருந்துதான். கடைசியில் பாட்டு சொல்லித்தரும் சிஸ்டர் முன்னால் என்னை நிறுத்தினாய். "இவளுக்குக் குரல் இருக்கு சிஸ்டர்." பள்ளிப் பாடகர் குழுவான கொயரில் சேர்ந்த பிறகு யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆண்டு விழாவில் தனிப் பாட்டு உனக்குக் கிடைத்தது. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கேட்டருகே என் கையைப் பிடித்தாய். "அம்மாவ வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம்டி. நாலஞ்சு நாள் வரமாட்டேன். சிஸ்டர்கிட்ட சொல்லிடு."

சரி என்றேன். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் பயிற்சியில் சிஸ்டர் நீ எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "சரி, நீ பாடு" என்று என்னைக் கைகாட்டினார். பாடினேன். முடித்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். மூன்றாம் நாள் சிஸ்டர், "சொல்லாமல் நின்றவளுக்கு இனி கொயரில் இடமில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன்.

நீ திரும்பி வந்தாய். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விழாவில் உன் பாட்டை நான் பாடியதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நல்லா பாடின" என்று மட்டும் சொன்னாய். பரீட்சை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

பல வருஷம் கழித்து திருப்பதி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். பங்காருபாளையத்தில் நர்ஸாக இருப்பதாகச் சொன்னாய். இப்பவும் பாடுகிறாயா என்று கேட்டேன். "சர்ச்சுல எல்லாரோடவும் வாய் அசைப்பேன்" என்று சிரித்தாய். அன்று சிஸ்டரிடம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட நினைத்தேன். உன் பஸ் வந்தது. "ஏறு, ஏறு, எடம் போயிடும்" என்று நானேதான் உன்னை அவசரப்படுத்தினேன்.

போன மாதம், நீ இறந்து மூன்று வாரம் கழித்து, சித்தூரில் உன் தம்பியைப் பார்க்கப் போனேன். அவனிடமாவது சொல்லிவிட நினைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எனக்குத் தெரியும்க்கா. நாங்க வேலூர்லருந்து வந்த அன்னிக்கு சிஸ்டர் வீட்டுக்கு வந்தாங்க. யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினியான்னு கேட்டாங்க. எங்க அக்கா, 'இல்ல சிஸ்டர், மறந்துட்டேன்'னுச்சு. அவங்க போனப்புறம் அம்மா திட்டினாங்க, 'நகரி பொண்ணுகிட்ட சொன்னேன்னியே'ன்னு. அதுக்கு அக்கா, 'உடும்மா, அவ இப்பதான் அங்க நாலு பேரோட சேர்ந்து கீறா'ன்னுச்சு."

நான் மறந்துவிட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய், வேண்டுமென்றே விட்டது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று இத்தனை வருஷம் பயந்தேன். உன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என்னை அந்தப் பள்ளியில் நிறுத்தி வைத்திருக்கிறாய். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நான் வாயைத் திறந்திருந்தால், நீ, "தெரியும்டி" என்று சொல்லியிருப்பாய். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை உன் வாயால் கேட்காமல், உன்னை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.