கறுப்புப் பொடியின் பளபளப்பு

மார்ச் 3

என் அருமை மருமகளுக்கு, உன் ஒரே தாய்மாமன், இந்தத் தொழிற்சாலையின் முடிசூடா மன்னன் எழுதுவது.

நீயோ வேறு எவருமோ நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்குகிறேன். செவ்வாய்க்கிழமை காலை நான் நெருப்போடு நேருக்கு நேர் பேசினேன்.

கலனில் ஹைட்ரஜன் ஏறி முடிந்திருந்தது. வாசனை எண்ணெயில் இருந்த இரட்டைப் பிணைப்புகள் எல்லாம் ஒற்றையாகிச் சாதுவாகிவிட்டன. வேலையை முடித்த வினையூக்கியை, அதுதான் அந்தப் பல்லேடியம் கரிப்பொடியை, வடிகட்டிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாததா? அது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டுத் தான் மட்டும் அப்படியே வெளியே வரும். வாய் நனையத் தண்ணீர் கொடுக்காவிட்டால் மண்டபத்தையே கொளுத்திவிடும்.

பொடி ஈரமாகப் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தேன். குப்பென்று தீ! கூரையைத் தாண்டி மேகத்தைத் தொட்டது. "உட்காருடா" என்றேன். உட்கார்ந்தது. என்னோடு வேலை செய்யும் ரேடியோவுக்குப் பாதி மீசை போச்சு. வாய் மூடாதவன் என்பதால் வந்த பேர். அவனே அன்றிலிருந்து பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உன் அம்மாவிடம் சொல்லாதே.

வீரப்பிரதாபங்களுடன்,
மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

முதல் தடவை சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் தடவை முடியவில்லை.

நானும் இங்கே ஆய்வகத்தில் தினமும் அதே பொடியைத்தான் வடிக்கிறேன். தண்ணீரில் நனைந்திருந்தால் அது பற்றாது. காய்ந்தால்தான் காற்றுப் பட்டதும் பற்றும். காய்ந்த பொடி பளபளக்காது, மாமா, மங்கிக் கிடக்கும். பத்தொன்பது வருஷமாக அதைப் பார்த்துத்தானே தண்ணீர் விடுகிறீர்கள்?

இன்னொன்று. உங்கள் வரிகள் கீழே சரிகின்றன. கையெழுத்தில் ஒரு "மா" காகிதத்தில் இருக்கிறது, இன்னொன்று உங்கள் மேசையில் இருக்கும்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "உன் மாமனா? வாசல்ல என்னைப் பாத்தே யாரும்மா நீங்கன்னு கேக்குறான். கழுதை வயசாகியும் விளையாட்டுப் போகல" என்று சிரிக்கிறார்.

அது விளையாட்டா, மாமா? அடுத்த தடவை ரேடியோவுக்கு மீசையோடு போகுமா? மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். தபால்காரர் மணியடித்தாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

கதை வேண்டாம்.

உங்கள் குட்டிப் பிசாசு

மார்ச் 16

குட்டிப் பிசாசே,

உன் கடிதத்தை ரேடியோதான் வாசித்துக் காட்டினான். முடித்ததும் பேச்சு திரும்பிவிட்டது. "அண்ணே, இதை மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான். இதை எழுதுவதும் அவனே. பிழை இருந்தால் அவனுடையது, அழகு இருந்தால் என்னுடையது.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். வடிகட்டி அறைச் சாவியை அவர் மேசைமேல் வைத்தேன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். வியாழக்கிழமை கண் மருத்துவர். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று திட்டுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிந்தால் வா, என் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டும்.

தீ மேகத்தைத் தொடவில்லை, ஒரு முழம்தான். நான் அதனிடம் ஒன்றும் சொல்லவுமில்லை. சிலையாக நின்றேன். தண்ணீரைத் திருப்பியவன் ரேடியோ. எல்லாம் புளுகு.

ஒன்று மட்டும் நிஜம். அந்தப் பொடி பளபளத்தது. கொஞ்ச மாதமாக எனக்கு எல்லாமே பளபளக்கிறது: விளக்கு, சுவர், உன் அம்மாவின் முகம்.

மாமா