டப்பாவின் கடைசிக் கேள்வி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், ஆனால் தெருவில் யாரும் அதை நம்புவதாக இல்லை, அவர்களைப் பொறுத்தவரை அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே காலமாகிவிட்டாள். பதறாதே, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். எல்லாம் நீ டிவிக்கு எழுதுகிற அந்த விண்வெளித் தொடரால் வந்த வினை. கப்பலில் அறை அறையாகப் போய் விளக்கை அணைத்து, ஸ்பூனை எண்ணி, எல்லோரையும் "சாப்பிட்டியா" என்று நச்சரிக்கிற டப்பா என்ற ரோபோவை நீ யாரைப் பார்த்து எழுதினாய் என்று தெருவுக்கே தெரியும். உன் அம்மா மட்டும் மறைத்தாளா என்ன, காய்கறிக் கடை வரிசையில் "டப்பா நான்தான்" என்று சொல்லித்தான் முன்னால் போவாள்.

அப்படிப்பட்ட டப்பாவை நீ இப்படிப் பண்ணலாமா. வாராவாரம் குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கிற தொடர், அதற்கு முந்தின வாரம்கூட வேற்றுக்கிரகத்துப் பச்சைப் பிராணிகளுக்கெல்லாம் தும்மல் வந்தது, அந்த நினைப்பில் உட்கார்ந்தால் படமே கும்மிருட்டு. முதலில் என் கண்ணாடியைத் துடைத்தேன், அப்புறம் டிவியைத் துடைத்தேன், அப்புறம் அதன் முதுகில் நாலு தட்டு தட்டினேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் போச்சா என்று உன் அம்மா சிரித்தாள், அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கப்பலில் காற்று தீர்ந்துபோகிறது, காற்று மெஷினை ஓட்ட டப்பாவின் பேட்டரிதான் மிச்சம், அதைக் கேப்டன் பெண்ணே தன் கையால் பிடுங்க வேண்டும். அப்போதும் டப்பா "சாப்பிட்டியா" என்று கேட்கிறது, கப்பலில் வாயில் போட ஒன்றும் கிடையாது, அந்தப் பெண் "சாப்பிட்டேன்" என்கிறாள், டப்பா "சரி" என்கிறது, அதன் கண் விளக்கு அணைந்துபோகிறது. உடனே எழுதியவர் என்று பெரிய எழுத்தில் உன் பெயர். மாடி வீட்டு ரிட்டயர்ட் மேனேஜர் விசும்பியது எங்கள் ஹால்வரை கேட்டது.

மறுநாள் காலையிலிருந்து துக்கம் விசாரிக்க ஆள் வர ஆரம்பித்துவிட்டது. இஸ்திரிக்காரர் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், மேனேஜர் என் கையைப் பிடித்து "மனசைத் தேத்திக்கோங்க சார்" என்றார், உன் அம்மா தன் துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தானே காபி போட்டுக் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள். கடைக்கு வந்த ஒரு அம்மாளிடம் போர்டில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொன்னால், "பெத்த தாயோட பேட்டரியையே புடுங்கினவ அப்பா கடையில நான் கண்ணாடி வாங்கணுமா" என்று எழுந்து போய்விட்டாள். போகட்டும், அந்த அம்மாள் ஃபிரேமை விலை கேட்டே தேய்க்கிற ரகம்.

இப்படிக் கூத்தாகப் போய்க்கொண்டிருந்தபோது உன் அம்மா அந்தப் பாகத்தை மறுபடி போடச் சொன்னாள். பார்த்து முடித்ததும் ஹால் விளக்கை அணைக்காமலே எழுந்து போனாள். அவளா விளக்கை அணைக்காமல் போகிறவள், நான் பின்னாலேயே போனேன். கதையில பொண்ணு உன்னைக் கொன்னுட்டாளேன்னு கோபமா என்று கேட்டேன். "டப்பா போனா போகுது, அந்தப் பொண்ணு எதுக்குப் பொய் சொன்னா? நம்ம பொண்ணும் போன்ல இப்படித்தான், கேட்டு முடிக்கிறதுக்குள்ள சாப்பிட்டேங்கிறா" என்றாள். எல்லாம் கற்பனைதானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "தும்மல் கதை எழுதிட்டிருந்தவளுக்கு இவ்வளவு இருட்டு எங்கேர்ந்து வந்தது" என்று கேட்டாள். அதிலிருந்து எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, கண்ணு. உடனே போன் போடலாம் என்றேன், வேண்டாம், போனில் டக்கென்று பொய் சொல்லிவிடுவாள், கடிதம் என்றால் கொஞ்சமாவது யோசிப்பாள் என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அங்கே வேலை ரொம்பக் கழுத்தை நெரிக்கிறதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, ராத்திரி பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதா, ஒளிக்காமல் எழுது. டப்பாவைப் பிழைக்க வைக்க மேனேஜர் உதிரி பேட்டரி, சூரிய வெளிச்சம் என்று என்னென்னவோ யோசனை சொல்கிறார், அத்தனை பாடு வேண்டாம். அந்தப் பெண் ஒரே ஒரு தடவை "இல்ல, சாப்பிடல" என்று உண்மையைச் சொல்லட்டும், டப்பா பேட்டரியே இல்லாமல் எழுந்து ஓடிவரும். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியாதா.

நீ எந்தக் குறையும் இல்லாமல், மனசு குளிர்ந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரையே முறைத்துப் பார்க்காமல் கண்ணுக்கு நடுநடுவே ஓய்வு கொடு. படுக்கப் போகும்போது விளக்கை அணை, இது உன் அம்மா எழுதச் சொன்னது.

மனைவி உயிரோடிருக்கும்போதே ஊரிடம் ஆறுதல் வாங்கிக்கொண்ட,
உன் அப்பா

உன் அம்மா பயணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். உன் ஒரு வார்த்தைதான் பாக்கி.