சிரிக்காத மொட்டை

திருத்தணி,
ஆடிக் கிருத்திகை முடிந்த இரண்டாம் நாள்.

அன்பு அனிதாவுக்கு, பங்காரு மாமா எழுதுவது.

உன் வருங்கால மாமனாரை, இன்னார் என்று தெரியாமல், உன் அப்பா கஜபதி கிருத்திகைக் கூட்டத்தில் மைக் போட்டுக் கேலி செய்துவிட்டான். நடந்தது உண்மைதான். மாப்பிள்ளை வளவன் போனில் உனக்குச் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அது பாதிக் கதை. மீதியைக் கேட்பதற்குள் "உன்னால என் மானமே போச்சு நைனா" என்று அப்பாவிடம் கத்திவிட்டு, போனையும் அணைத்துவிட்டாய். புனேவுக்கு நான் ஓடி வந்தால் பூ மண்டியை யார் பார்ப்பது? அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். போனைத் திறந்ததும் முதலில் இதைப் படி.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வந்து போகும்வரை அப்பா கையில் மைக் இருக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாய். அவர்கள் முதல் நாள் மலையில் மொட்டை அடித்து வேண்டுதலை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவதாகத்தானே ஏற்பாடு? கிருத்திகையன்று பந்தலுக்குப் போகாதே என்றால் கஜபதி கேட்பானா? இருபத்தோரு வருஷமாக அங்கே உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிட்டுச் சேர்த்து வைக்கிறவன். ஒரு நாள்தானே என்று விட்டேன். வியாபாரத்தில் இப்படி அசந்திருந்தால் இன்றைக்கும் ரயிலடியில் பூக்கூடையோடுதான் நின்றிருப்பேன்.

மதியம் ஒருவர் பந்தலுக்கு வந்தார். மழமழவென்று மொட்டை, தலையெல்லாம் சந்தனம், மஞ்சள் வேட்டி. போன், பர்ஸ், கண்ணாடி எல்லாம் மனைவியின் பையில். மனைவியைக் காணோம். செருப்பும் இல்லாமல் தார் ரோட்டில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன். நீ அனுப்பிய போட்டோவில் அவருக்கு அடர்ந்த முடி, பெரிய மீசை, கோட்டு. இவரைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரைக் கேட்டால், "என் பேரை எல்லாம் மைக்குல சொல்லக் கூடாது, சுலோச்சனானு கூப்பிடுங்க போதும்" என்று அதிகாரி தோரணையில் சொன்னார். நாமோ அந்த அம்மாளை வளவன் அம்மா என்றே பேசிப் பழகியவர்கள்.

கஜபதி ஆரம்பித்தான். "சுலோச்சனாம்மா, உங்க வூட்டுக்காரரு இங்க பத்திரமா கீறாரு. அடையாளம் சொல்றேன், மொட்டை, சந்தனம், மஞ்சா வேட்டி. ஆங், இன்னிக்கு ஊரே அப்டித்தான் கீது. ஆனா இவரு மட்டும் சிரிக்கவே மாட்டேங்குறாரு. சிரிக்காத மொட்டை யாரோடதோ, வந்து இட்டுகினு போங்க!"

காவடி தூக்கி வந்தவர்கள்கூட நின்று சிரித்தார்கள். சுலோச்சனா என்ற பெயரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது இல்லீங்க, எங்குளுது இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்றாள். கஜபதி அதையும் மைக்கில் சொன்னான். அரை மணி கழித்து வளவன் வந்து, "அங்கிள், இது எங்க அப்பா" என்றதும் உன் அப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. சம்பந்தி சிவப்பிரகாசம் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

நேற்றுப் பத்து மணிக்கு அவர்கள் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. உன் அம்மா ஷோபனா கிளறிய கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது. "பாவா, நான் போய் கால்ல வுழட்டுமா?" என்று கஜபதி என்னிடம் கேட்டான். நீ சும்மா இரு என்று அதட்டிவிட்டு, அவர்கள் தங்கிய லாட்ஜுக்கு நான் போனேன்.

கெஞ்சவில்லை. பூ வாங்க வருகிறவனிடம் கூடையைக் கவிழ்த்து அடிப்பூவையும் காட்டித்தான் நான் விலை பேசுவேன். இங்கேயும் அதையே செய்தேன். "சார், அவன் அப்படித்தான். அவனுக்கு இருக்கிறது ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. அதையும் பாதி நாள் பூட்டிவிட்டு ஊர் வேலைக்குப் போய்விடுவான். பெண்டாட்டி பிறந்தநாளுக்குத் தெருவில் பேண்டு வாசிக்க வைத்து, ஒரு வாரம் சோறு கிடைக்காமல் இருந்தான். ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் போகிறவன் அவன். மூன்றாம் நாள் அந்த வீட்டில் ஒருத்தரையாவது சிரிக்க வைக்காமல் திரும்ப மாட்டான். பெண்ணைப் புனேவுக்கு ரயிலேற்றியபோது பிளாட்பாரம் பூராவும் ஜோக் அடித்தான், வண்டி போனதும் என் தோளில் விழுந்து அழுதான். உங்களுக்கு ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றேன்.

அவர் முகம் இளகவில்லை. "அரை மணி நேரம் சார், அத்தனை பேர் முன்னாடி" என்றார்.

அப்போது சுலோச்சனா அம்மாள் வாயைத் திறந்தார். "முதல் தடவை கூப்பிட்டப்பவே எனக்குக் கேட்டுருச்சு. பக்கத்துல கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னாலதான் நின்னேன். சிரிப்பு அடங்கவே இல்ல, அதான் வரல" என்றார். வளவன் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மாள் விடவில்லை. "அவர் பேசினது மட்டுமா உங்க காதுல விழுந்துச்சு? தன் செருப்பைக் கழட்டி உங்களுக்குப் போட்டுவிட்டு, அந்த வெயில்ல அவர் வெறுங்காலோட நின்னாரே. உங்க தலைக்குத் துண்டு போட்டு, மோர் வாங்கிக் குடுத்தாரே. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

சிவப்பிரகாசம் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். உன் அப்பாவின் செருப்பு அங்கேதான் கிடந்தது. திருப்பிக் கொடுக்க மறந்து, அதைப் போட்டுக்கொண்டே கோபமாகப் போயிருக்கிறார்! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீசை இல்லாததால் மறைக்கவும் முடியவில்லை.

நாலு மணிக்கு மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் காகிதத்தில் சுற்றித் தாம்பூலத் தட்டில் வைத்துக் கஜபதியிடம் நீட்டினார் சம்பந்தி. கட்டிக் கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பனைத் தவிர. நீ போனில் கத்தியதிலிருந்து அவன் சிரிக்கவில்லை அனிதா. பந்தலுக்குப் போய் மைக் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவனுக்கு இப்போது சம்பந்தி கோபம் பெரிதல்ல. நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்.

கந்தன் உன்னை நூறு வயது சிரித்தபடி வைத்திருக்கட்டும். பேசி முடித்ததை எழுதுகிறேன். தை மாதம் கல்யாணம், திருத்தணியிலேயே. நகை, சீர் என்ற பேச்சே கிடையாது, மண்டபமும் சாப்பாடும் இரு வீட்டுக்கும் பாதிப் பாதி. பூ என்னுடையது. நம் தரப்பில் நான் கேட்டது, அடுத்த கிருத்திகைக்குச் சம்பந்தி பந்தலில் கஜபதி பக்கத்தில் உட்கார வேண்டும், செருப்போடு. அவர் தரப்பில் கேட்டது ஒன்றே ஒன்று: வரவேற்பில் மைக் உன் அப்பா கையில்தான் இருக்க வேண்டும். அவனை அதற்குச் சம்மதிக்க வைப்பது உன் பொறுப்பு என்று நான் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். இன்றைக்கே அவனுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் பங்காரு மாமா