இல்லாதவளுக்கு எழுதிவைத்த நிலம்

தஞ்சாவூர்
12.9.1973

அன்பு மகள் வள்ளியம்மைக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும், போன தடவை மாதிரி விடுதித் தோழியை விட்டு நாலு வரி எழுத வைக்காதே. டெல்லிக் குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு எடு.

இன்று காலை எழுந்ததும் வாசல் தெளிக்கக்கூடப் போகாமல், கூடத்தில் கிடந்த வாரப் பத்திரிகைகளை அள்ளி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் பெரியப்பா பஞ்சநதம் மறுபடியும் வந்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். நான் வெண்ணிச்செல்வி என்ற பெயரில் எழுதுவது உனக்கும் அப்பாவுக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கல்லூரியில் படிக்கும்போது என் முதல் கவிதை அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டு, பொம்பளை பேரு பத்திரிகையில வந்தா கண்டவனும் வீட்டு வாசல்ல வந்து நிப்பான் என்று குதித்தவர் இவர்தான். அன்றைக்குப் பிறந்தவள் வெண்ணிச்செல்வி. அப்புறம் கவிதை நாவலாயிற்று, நான் அரசுக் கல்லூரி வாத்தியாரம்மா ஆனேன், இவள் அவள்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் என் வகுப்பிலேயே ஒரு பெண் மேசைக்கடியில் என் தொடரைப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். அவள் கொஞ்சமும் பயப்படாமல், நீங்களும் படிச்சுப் பாருங்க மிஸ், கொஞ்சம் மாறுவீங்க என்றாள்.

நேற்று சாயங்காலம் பெரியப்பா காரில் வந்து இறங்கினார், கையில் ஒரு தார் வாழைப்பழம். பழத்தைப் பார்த்ததுமே ஏதோ காரியம் என்று தெரிந்துவிட்டது. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிஞ்சிய நிலத்தையெல்லாம் பினாமியாகப் பேர் பேராகப் பிரித்து எழுதினார்கள் அல்லவா, சமையல்காரி, வண்டிக்காரன், தொட்டில் பிள்ளை எல்லார் பெயரும் தீர்ந்த பிறகும் வெண்ணாற்றங்கரையில் ஐந்து ஏக்கர் மீந்து நின்றதாம். உன் பெரியம்மா ஒரு பத்திரிகையை வச்சு அழுதுகிட்டு இருந்தா, அதுல ஒரு பேரு இருந்திச்சு, வெண்ணிச்செல்வின்னு, ஆளு யாருன்னே தெரியாத பேரு, எவளும் வந்து பாத்தியதை கேக்கமாட்டான்னு அந்தப் பேருக்கே எழுதிட்டேன் என்றார். ரிஜிஸ்தர் ஆபீசுல அப்பன் பேரு கேட்டான், செத்துப்போனவன்னா வம்பில்லைன்னு உங்கப்பன் சிங்காரவேலு பேரைப் போட்டேன், தம்பி மகள்னா நான் எழுதிக் குடுத்ததுக்கும் நியாயம் இருக்குல்ல என்றார். உன் அப்பாவுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் பெரியப்பா கிளம்பும்வரை திரும்பவே இல்லை, கிணற்றடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

விஷயம் இதுதான். அந்த ஐந்து ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிற வீரையன் குத்தகைக்காரராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். நிலத்துக்காரி நேரில் வரவேண்டும் என்று தாசில்தார் வியாழக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறார். சமையக்காரி ரெத்தினத்தைக் கூட்டிட்டுப் போனா அவ தாசில்தாரைப் பாத்ததும் சாமின்னு கால்ல விழுந்துடுவா, நீ படிச்சவ, ஒரு நாளைக்கு வெண்ணிச்செல்வியா வந்து நில்லும்மா என்கிறார் பெரியப்பா. சொல்ல வேண்டியது ரெண்டே பேச்சு, நிலம் என்னுது, குத்தகைக்காரன்னு யாரும் கிடையாது. முகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேற ஒருத்தி மாதிரி எனக்கு நடிக்க வருமா பெரியப்பா என்று கேட்டேன். அப்படி ஒருத்தி இருந்தாத்தானே அவ மாதிரி நடிக்கணும், நீ உன் இஷ்டத்துக்கு இரு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

சிரித்தபடியே படுத்தேன். இன்று மத்தியானம் வீரையனின் மனைவி காளியம்மாள் பஸ் பிடித்து வந்து நின்றதும் சிரிப்பு போயிற்று. சின்ன வயதில் எங்கள் களத்தில் என்னோடு வைக்கோல்போரில் ஏறிக் குதித்தவள் அவள். பெரியப்பா வந்துபோனது அதற்குள் அவள் காதுக்குப் போயிருக்கிறது. குறுவை அறுப்புக்கு நிக்கிதும்மா, நாளைக்கு அந்தப் பொம்பளை வந்து இல்லைன்னு சொல்லிட்டா பண்ணை ஆளுங்க அருவாளோட இறங்கிடுவாங்க, எங்க மாமனார் காலத்துலேருந்து நெல்லு அளக்குறோம், ஒரு ரசீது குடுத்ததில்ல என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, அந்தம்மா எப்படிப்பட்டவங்க, இரக்கப்படுற ஆளா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். கொஞ்சம் அழுத்தக்காரி என்று கேள்வி என்றேன். பயந்தாங்கொள்ளியும்கூட என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அழுத்தக்காரியா இருந்தா என்னா, நெல்லு திங்கிறவதானே என்று சொல்லிவிட்டு, சோறுகூடச் சாப்பிடாமல் நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வள்ளி, என் நாவலில் குத்தகைக்காரனை ஜெயிக்க வைத்தேனே, எத்தனை பேர் பாராட்டி எழுதினார்கள். காகிதத்தில் நிலம் கொடுத்தபோது என் கையை விட்டு ஒரு குழிகூடப் போகவில்லை. இந்தத் தடவை போவது நிலம் இல்லை, நான் ஒளிந்திருந்த இடம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் அனுமதி கேட்காமல் இவ்வளவு காலம் கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையும் எழுதினாள் என்று தெரிந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும். பேராசிரியர் பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருக்கிற சமயம், அது அப்படியே நின்றாலும் நிற்கும். துறைத் தலைவர் வேறு, வெண்ணிச்செல்வி நிச்சயம் ஓர் ஆண்தான் என்று மேடையில் அடித்துப் பேசியவர், அவர் முகத்தை நினைத்தால்தான் கொஞ்சம் தெம்பு வருகிறது.

நன்றாகச் சாப்பிடு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள், பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள்வரை காத்திருக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் நீ, உன் பேச்சை உன் பெயரிலேயே பேசுகிறவளாக வாழ வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் உனக்குச் சொல்வதில் ஆபத்தில்லை. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சொன்னால் சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவார். நாளைக்குப் பெரியப்பாவின் காரிலேயே தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். நிலம் என்னுடையது என்று அவர் சொல்லிக்கொடுத்தபடியே சொல்வேன். அடுத்து, வீரையன் என் குத்தகைக்காரர், அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். வெண்ணிச்செல்வி நான்தான் என்பதற்குப் பத்திரிகை ஆசிரியரின் கடிதங்கள் கைப்பையில் இருக்கும். பெரியப்பா மறுக்க வேண்டுமானால், இல்லாத ஆளுக்கு நிலம் எழுதினேன் என்று தாசில்தார் எதிரில் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லட்டும், பார்க்கலாம்.

உன் அம்மா
அகிலாண்டம்