பாவம் என்று சொல்லக்கூடாத வீடு

இணுவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வாகீசனுக்கு அம்மா எழுதுவது,

கந்தசுவாமியார் காவலில் நாங்கள் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது, அப்படியே வைத்துக்கொள், உன் சுகமும் அவர் பொறுப்பு. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் என் முகத்தையே பார்ப்பார், அதனால் எழுதிப் பக்கத்து வீட்டுத் தர்சினியின் தாயாரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் வெள்ளிக்கிழமை கனடாவுக்கு வருகிறார். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நன்றாகக் களைத்துப்போய் இருக்கிறேன்.

நீ போன முறை அழைத்தபோது, வங்கி வேலையை விட்டுவிட்டு பிசியோதெரபி படிக்க யோசிக்கிறேன், மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளையிடம் அந்த வேலை எப்படி என்று கேட்டுச் சொல்லுங்கோ என்றாய். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறு வருடம் பார்த்த உத்தியோகம், உனக்கும் முப்பத்தொரு வயது, சம்பந்தம் கேட்டு வருபவர்களுக்கு மாப்பிள்ளை திரும்பவும் பள்ளிக்கூடம் போகிறார் என்றா சொல்வது? வாய் தவறி செல்வநாயகி மாமியிடம் சொல்லிவிட்டேன், "கை கால் உருவிவிடுற வேலைக்கோ பாங்கை விடப்போறான்?" என்று கேட்டு எனக்கு மானம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எண்ணெய் போட்டு உருவுவார்கள், ஆள் எழும்பி நடப்பார் என்று.

பிரசாந்தி என்ற அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் வேலை, சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர்த் திருநெல்வேலியில் இருந்து ஸ்கூட்டியில் இங்கே வருகிறாள். எண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தால் தொடுவதேயில்லை. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன நாளில் இருந்து ஐந்து மாதமாக அப்பாவுக்கு நான்தான் சோறு குழைத்துத் தீத்தினேன், சட்டை போட்டுவிட்டேன், தூக்கி இருத்தினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாவம் மனுசன், வருத்தாதே என்றார்கள், நானும் பாவம் பாவம் என்று அந்த வலது கையை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. அதைக் கண்ட அன்று அவள் எனக்கு ஏசினாள். "அம்மா, உப்பிடிப் பாவம் பாத்துப் பாத்துத்தான் உந்தக் கையைச் சும்மா படுக்க வைச்சிருக்கிறியள். இனி இந்த வீட்டிலை ஆரும் பாவம் எண்டு சொன்னால் படலைக்கு வெளியிலை விடுங்கோ" என்றாள். ஐந்து மாதம் ஒழுங்கான நித்திரை இல்லாமல் பார்த்தவளுக்குக் கிடைத்த பட்டம் இது. குசினிக்குள் போய் அழுதேன். இப்போது அவரே சாப்பிடுகிறார். ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒரு மணித்தியாலம், பாதி இடுப்பில் கட்டியிருக்கிற சாரத்தில். எட்டிப் பிடிக்கப் போகிற என் கையை மடியில் வைத்து அமத்திக்கொண்டு இருக்கிறேன் மகன், தீத்துவதைவிட அது பெரிய களைப்பு.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சிரித்தாள். "சொல்லுங்கோ அவருக்கு, ஒருத்தரும் நன்றி சொல்ல மாட்டினம், நோகுது எண்டு ஏசுவினம். ஆக்களைத் தூக்கித் தூக்கி எங்களுக்கும் நாரி நோகும். சிலருக்கு மாசக்கணக்கிலை ஒண்டும் அசையாது, அப்பிடியான நாளிலை வீட்டை போய் ஒருத்தரோடையும் கதைக்க மனம் வராது. ஒரு விரல் அசைஞ்சால் ஐஸ்கிறீம் குடிச்சிட்டுத்தான் போவன்" என்றாள். படிக்கிறதுக்கு முன்னம் ஒரு மாதமாவது யாராவது வேலை செய்யும் இடத்தில் போய்ச் சும்மா நின்று பார்க்கட்டும் என்றும் சொல்லச் சொன்னாள். அதைச் செய், அது நல்ல புத்தி.

என் பயம் வேறு. வீடியோவில் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் நீ இந்த முடிவுக்கு வந்தாய் என்றால் வேண்டாம் மகன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருப்பாரோ தெரியாது, உன் கையால் அவர் நடக்கப் போவதும் இல்லை. முகம் தெரியாதவர்களின் ஏச்சை வாங்கிக்கொண்டு அவர்களை எழுப்பி நிறுத்த விருப்பம் இருக்கிறதா என்று உன்னையே கேள். எனக்கு மறிக்கவும் பெலன் இல்லை, ஓம் என்று சொல்லவும் துணிவு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குத் தொப்பி போடாமல் வெளிக்கிடாதே. சனிக்கிழமை எங்கள் பின்னேரம் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் அழைக்காதே, பிரசாந்தி நிற்பாள், தொலைபேசி அடித்தால் அப்பா பயிற்சியை விட்டுவிடுவார். முருகன் உனக்கு நல்ல வழி காட்டுவான்.

இப்படிக்கு,
உன் அம்மா கமலாவதி

மகன், கையெழுத்து வைத்து மடிக்கும்போது அப்பா பேனையைக் கேட்டார். பேச்சு இன்னும் குழறுகிறது, நீ கேட்ட விஷயத்தை முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன், அதற்குப் பதிலைத் தானே எழுதப்போகிறாராம். பேனை மூன்று தரம் விழுந்தது, மூன்று தரமும் அவரே குனிந்து எடுத்தார். கீழே இருக்கிற இரண்டு சொல்லுக்கு அரை மணித்தியாலம் ஆனது. நான் தொடவில்லை.

படி
அப்பா