பார்சல் வைக்க ஒரு விளையாட்டுக் கடை

மார்கழி 12, திங்கள்

காலையில் ஒரே பனி. கடலூர் ரோட்டில் பஸ் வந்தது சத்தத்தில்தான் தெரிந்தது.

முதல் போணி ஷூ. போணி என்று நான் நினைத்ததுதான் மிச்சம். ஒரு அப்பா, மகள். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேவுக்கு. நாலு ஜோடி போட்டு, கடைக்குள்ளேயே ஓடிப் பார்த்தாள். அப்பா அளவு நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டார். போனில் ஆஃபர் பார்க்கிறாராம். என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்!

கொரோனாவில் பிடித்த பழக்கம். அப்போது பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து கேரம் போர்டு, ஸ்கிப்பிங் கயிறு என்று கெஞ்சியதும் இதே ஜனம்தான். அதை நம்பி எடுத்த டம்பெல்ஸ் மூலையில் துருப்பிடிக்கிறது.

மார்கழி 14, புதன்

டெலிவரி ஆளுக்குக் கிருமாம்பாக்கத்து உள்தெரு சுற்றச் சோம்பல். எல்லாப் பார்சலும் என் கடையில். பாவம் என்று முதலில் விட்டது என் தப்பு. இன்று ஐந்து. ஒன்று செந்திலுக்கு, புது பேட். ஊர் டீம் கேப்டன். அவன் ஜெர்சி முதுகில் என் கடைப் பெயர். ஓசியில் அடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்தான். பிரித்து என்னிடமே நீட்டினான். புது பேட் விரிசல் விடாமலிருக்க எண்ணெய் தடவி, மரச்சுத்தியலால் தட்டிப் பழக்கணும். என்னிடம் வாங்குகிறவர்களுக்கு நானே செய்து தருவது.

"எங்க வாங்குனியோ அங்கியே தட்டச் சொல்லுடா."

"இன்னாக்கா நீ. பொங்கல் மேட்ச்சுக்கு கப்பு, பந்து எல்லாம் உங்கிட்டதான எடுக்கப் போறோம்."

பேட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஆர்டர் வராவிட்டால் தையில் கடையை மூடுவது என்று வீட்டுக்காரரும் நானும் பேசி முடித்தாயிற்று.

மார்கழி 16, வெள்ளி

இரண்டு நாளாகத் தட்டல். தோள்பட்டை விட்டுப்போகிறது.

வாங்க: தைலம், கோலமாவு, பல்பு.

மார்கழி 18, ஞாயிறு

நல்ல வெயில். பெரிய பெட்டி ஒன்று வந்தது. செந்தில் பெயருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தது நான்தான். அப்புறம்தான் பார்த்தேன், பெட்டிமேல் கப் படம். ஒட்டியிருந்த பில்லில் பந்தும்.

பத்து மணிக்கு வந்தான். பேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சூப்பர் என்றான். கப்பைப் பற்றி ஒரு வார்த்தை? ஊஹூம். பெட்டியை பைக்கில் கட்டினான்.

"பொங்கலன்னிக்கு நீதான்கா சீஃப் கெஸ்ட். கப்பு உன் கையாலதான் குடுக்கணும்."

"கடை இருந்தா வரேன்டா."

சிரித்தான். நான் சும்மா சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான்.